குழாய் இருக்கிறது, குழி?

ஆசிரியருக்கு,

வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-ல் தமிழக அரசு உத்தரவிட்டபோது நாங்களும் மொட்டைமாடியிலிருந்து குழாய் இறக்கிக் குழி வெட்டினோம். பிறகு கிணற்றில் நீர் ஏறியது உண்மை. ஆனால் 2005-ல் சென்னையில் கொட்டித் தீர்த்ததே மழை! நீர் ஏறியது குழியாலா, வானத்தாலா என்று எங்களில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

சென்ற வாரம், மேலே நின்ற இரண்டு பைக்குகளை நகர்த்திவிட்டுக் குழியின் மூடியைத் திறந்தோம். கூழாங்கல்லே தெரியாத அளவுக்குச் சேறு. குழாயை எந்தப் புண்ணியவான் திருப்பிவிட்டாரோ, அது தெருச் சாக்கடையில் போய் முடிகிறது. மழைநீர் சேகரிப்பைக் கணக்கெடுக்க வந்தவர் குழாயைப் பார்த்து, 'அமைப்பு உள்ளது' என்று எழுதிக்கொண்டு போனார். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றதும் இதே வீட்டுக்காரர்களான நாங்கள்தான்.

குழாயை எண்ணியது போதும். குழியில் நாலு வாளித் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். மழைக்கு முன்னும் பின்னும் தெருவுக்கு ஒரு கிணற்றின் நீர்மட்டத்தையாவது அளந்து, வார்டு அலுவலகப் பலகையில் எழுதிப் போடுங்கள். கயிறும் கல்லும் நான் தருகிறேன்.

ஒரு வாசகர்,
சென்னை