கட்டிலில் படுத்தபடி பார்க்கும் படம்

அமெரிக்காவில் நோயாளிகளுக்கென்றே நூலகம் நடத்தும் மருத்துவமனைகள் உண்டு. தள்ளுவண்டியில் புத்தகங்களோடு டிவிடிகளும் அறை அறையாகப் போகும். உறையில் அச்சாகியிருக்கும் 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்ற வரிதான் நூலகர்களைத் தயங்க வைக்கிறது.

அந்தத் தயக்கம் வேண்டாம். விலை கொடுத்து வாங்கிய பிரதியை இரவல் தர, 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 109ஆவது பிரிவே இடம் தருகிறது. சிக்கல், படம் ஓடும் இடத்தில்தான். பொதுமக்கள் வந்துபோகும் இடத்திலோ, குடும்பத்தாரும் பழகியவர்களும் அல்லாத பலர் கூடும் இடத்திலோ ஓடினால் அது பொதுத் திரையிடல். அதற்குத் தனி உரிமம் தேவை. கையில் டிரிப்ஸ் ஏற, தன் அறையில் படுத்தபடி ஒருவர் படம் பார்ப்பது இதில் எந்தக் கணக்கு?

பாம் ஸ்பிரிங்ஸில் ஒரு விடுதி, தங்க வந்தவர்களுக்கு வீடியோ டிஸ்க்குகளை வாடகைக்கு விட்டது. கொலம்பியா உள்ளிட்ட படநிறுவனங்கள் வழக்குப் போட்டன. விடுதிக்குள் யாரும் வரலாம், ஆனால் ஒருவர் எடுத்துத் தங்கும் அறை பொது இடமல்ல என்று 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. காசு பார்த்த விடுதிக்கே இந்தச் சலுகை என்றால், சும்மா கொடுக்கும் நூலகத்துக்கு ஏன் கூடாது?

படநிறுவனங்கள் பக்கமும் நியாயம் உண்டு. பொதுக்கூடத்தில் நாற்காலி போட்டு நோயாளிகளுக்குப் படம் காட்டினால் உரிமம் வாங்கத்தான் வேண்டும். கட்டணம் வாங்கவில்லை என்பது சாக்காகாது. ஆனால் ஓரிடத்தில் கருவிகளை வைத்து அறைகளுக்குக் கேபிளில் அனுப்புவதும், ஒரு நேரத்தில் ஓர் அறைக்கு மட்டுமே போனாலும், பொதுத் திரையிடல்தான் என்று 1991இல் ஆன் கமாண்ட் என்ற ஹோட்டல் வீடியோ நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பானது. கையில் கொடுத்தால் சரி, கேபிளில் அனுப்பினால் தப்பு! தொற்று பயத்தால் பலர் தொட்ட டிஸ்க்கைத் தொடக்கூடாத நோயாளிக்குத்தான் கேபிள் அதிகம் தேவை.

நம் நாட்டிலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். லாப நோக்கமற்ற நூலகம் இரவல் தருவது வணிக வாடகை ஆகாது என்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் தெளிவாக்கியது. ஹோட்டல், ஹாஸ்டல் அறைகளுக்குக் கேபிளில் அனுப்புவதைப் பொதுமக்களுக்கு அனுப்புவதாகவே கொள்ளும் அதே சட்டம், மருத்துவமனை அறையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

அமெரிக்கச் சட்டத்தின் 110ஆவது பிரிவு வகுப்பறைக்கும் வழிபாட்டுக்கும் விலக்குத் தருகிறது. உள்நோயாளியின் அறையையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும், கேபிள் உட்பட. வாங்கிய ஒரு பிரதிக்கு ஒரு நேரத்தில் ஒரு நோயாளி என்று வரம்பு வைத்தால் படநிறுவனங்களுக்கு நஷ்டமில்லை. அதுவரை தள்ளுவண்டியிலிருந்து டிவிடிகளை இறக்க வேண்டியதில்லை.