ஏரிக்குத் தக்க படகு

1932-ம் ஆண்டு ஜூன் 2-ம் தேதி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மழை. வயலில் வேலை ஓடாது என்பதால் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி, நண்பர் ஒருவரோடு மீன் பிடிக்கக் கிளம்பினார். இடம் மாண்ட்கோமரி ஏரி. ஏறிப் போனது வீட்டில் பலகை அடித்துச் செய்த மரப்படகு. அன்று தூண்டிலில் சிக்கிய மீனின் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 10 கிலோவுக்குச் சற்று மேல். லார்ஜ்மவுத் பாஸ் இனத்தில் அது உலகச் சாதனை. 77 ஆண்டுகள் கழித்து, 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒருவர் அதைச் சமன் செய்தார். சாதனை படைத்த மீனை பெர்ரியின் குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுவிட்டது.

இன்று அதே மீனைத் துரத்துவதற்காக அமெரிக்காவில் விற்கப்படும் உயர்ரகப் படகின் விலை 1 லட்சம் டாலரைத் தாண்டுகிறது. 21 அடி நீளம், 250 குதிரைசக்தி எஞ்சின், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம், கண்ணைப் பறிக்கும் மினுமினுப்பு. மறுகோடியில் 16, 17 அடி அலுமினியப் படகு ஒன்று எஞ்சினோடும் டிரெய்லரோடும் சேர்த்து 15,000 முதல் 20,000 டாலருக்குக் கிடைக்கிறது. இரண்டும் கடைசியில் போய் நிற்கும் இடம் ஏரியோரத்துப் பாசிதான். நடுவில் இருக்கும் 80,000 டாலரில் எது தேவை, எது ஆசை என்று பிரித்தறிவதில்தான் வாங்குபவரின் சாமர்த்தியம் இருக்கிறது.

பாஸ் என்றதும் நம் கடலோரக் கொடுவா நினைவுக்கு வரலாம். இது வேறு, வட அமெரிக்காவின் நன்னீர் மீன். குணத்தில் நம் விராலுக்குப் பங்காளி. பாசிக்குள்ளும் விழுந்த மரத்தடியிலும் பதுங்கியிருந்து இரை மேல் பாயும். பிடிப்பவர் நின்றபடியே நாள் முழுக்க நூற்றுக்கணக்கான முறை செயற்கை இரையை வீச வேண்டும். இதற்கென்றே ஒரு படகு உருவானது: தாழ்ந்த பக்கச் சுவர்கள், முன்னும் பின்னும் நின்று வீசத் தட்டையான மேடை, மீனை மிரட்டாமல் நகர முன்முனையில் ஒரு சிறிய மின் மோட்டார்.

படகுக்கு முன்னால் வந்தவை அணைகள். 1933-ல் தொடங்கிய டென்னசி பள்ளத்தாக்கு ஆணையமும் (நம் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்துக்கு முன்மாதிரி அதுவே) அமெரிக்க ராணுவப் பொறியாளர்களும் தென்மாநில ஆறுகளை மறித்து மறித்துக் கட்டியதில், கரை தெரியாத ஏரிகள் பிறந்தன. 1948-ல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஹோம்ஸ் தர்மண்ட் 'ஸ்கீட்டர்' படகை உருவாக்கினார். முதல் பாஸ் படகு என்று பலரும் குறிப்பிடுவது அதைத்தான். 1967-ல் ரே ஸ்காட் என்ற இன்ஷூரன்ஸ் விற்பனையாளர் ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் ஒரு மீன்பிடிப் போட்டி நடத்தினார். தலைக்கு 100 டாலர் கட்டி 106 பேர் கலந்துகொண்டார்கள். மறு ஆண்டே அதே மாநிலத்தின் ஃபிளிப்பின் என்ற சிற்றூரில் ஃபாரஸ்ட் வுட் 'ரேஞ்சர்' படகுகளைக் கட்டத் தொடங்கினார்.

போட்டி வந்ததும் படகு மாறியது. நல்ல இடத்தை முதலில் பிடிப்பவருக்கே மீன் என்பதால் வேகம் தேவைப்பட்டது. 1972-ல் ஸ்காட் தன் போட்டிகளில் பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடும் வழக்கத்தைப் புகுத்த, காற்றோட்டமுள்ள மீன்தொட்டி படகின் வயிற்றில் இடம்பிடித்தது. வேகத்துக்கு எஞ்சின், எஞ்சினைத் தாங்க நீளம், நீளத்துக்கேற்ற விலை என்று ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வளர்ந்தன. 1978-ல் ஜானி மோரிஸ் 'பாஸ் டிராக்கர்' என்ற அலுமினியப் படகை எஞ்சின், டிரெய்லர் எல்லாம் பூட்டி ஒரே விலையில் விற்கத் தொடங்கியபோதுதான் சாதாரணச் சம்பளக்காரர்களுக்கும் கதவு திறந்தது.

ஆக, கடையில் பளபளக்கும் பெரிய படகு போட்டிக்காரரின் தேவையிலிருந்து பிறந்தது. அவர் வருடத்தில் பாதி நாட்களைத் தண்ணீரில் கழிப்பவர். அவர்களில் பலருக்கு விளம்பரத்துக்காகத் தயாரிப்பாளர்களே சலுகை விலையில் படகு தருகிறார்கள். பருவம் முடிந்ததும் அதை விற்றுவிட்டு அடுத்ததற்கு மாறுகிறார்கள். சனி, ஞாயிறுகளில் மட்டும் ஏரிக்குப் போகும் குழாய்ப் பணியாளரோ பள்ளி ஆசிரியரோ அதே படகை வாங்கும்போது, முழு விலையும் வட்டியும் அவர் தலையில்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் உறைக்கும். 60,000 டாலர் கடன், 8 சதவீத வட்டி, 15 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 573 டாலர். கட்டி முடிக்கும்போது கொடுத்தது 1,03,000 டாலருக்கு மேல். வருடத்துக்கு 25 நாள் மீன் பிடிக்கப் போகிறவருக்குத் தவணை மட்டுமே நாளொன்றுக்கு 275 டாலர். இதில் பெட்ரோல், இன்ஷூரன்ஸ், பாட்டரி, டயர் எதுவும் சேரவில்லை. படகின் சந்தை மதிப்போ கடனை விட வேகமாகக் கரைகிறது. நடுவில் வேலை போனால் விற்றுக் கடனை அடைக்கவும் முடியாது. படகு என்பது தண்ணீரில் இருக்கும் ஓட்டை, அதற்குள் பணத்தைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அமெரிக்கர்கள் கேலி பேசுவது சும்மா இல்லை.

விலைக்கு அடித்தளம் நீளம். 17 அடி அலுமினியப் படகு டிரெய்லரோடு ஏறக்குறைய 1 டன். 21 அடி ஃபைபர் கிளாஸ் படகு 2 டன். முன்னதை நடுத்தர வண்டியே இழுத்துவிடும். பின்னதற்குப் பெரிய பிக்-அப் டிரக் வேண்டும். பெட்ரோல் எஞ்சினை முழுவீச்சில் ஓட்டினால் அதன் குதிரைசக்தியில் பத்தில் ஒரு பங்கு காலன் மணிக்குச் செலவாகும் என்பது படகுக்காரர்களின் மனக்கணக்கு. 250 குதிரைசக்திக்கு அது மணிக்கு 90 லிட்டரைத் தாண்டும். வீட்டுக் கார் கொட்டகையிலும் 20 அடிப் படகு டிரெய்லரோடு அடங்குவது கடினம். டிரெய்லரின் முன்கொம்பை மடக்கும்படி தயாரிப்பாளர்கள் செய்வதே இதற்காகத்தான்.

அதற்காகச் சிறியதே சிறந்தது என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. டெக்சாஸின் சாம் ரேபர்ன் ஏரி 1 லட்சம் ஏக்கருக்கும் அதிகம். ஈரி போன்ற பேரேரிகளில் காற்று கிளம்பினால் அலை கடலைப் போல எழும். அங்கே தாழ்ந்த சுவருள்ள 16 அடிப் படகோடு நடு ஏரிக்குப் போவது உயிரோடு விளையாடுவது. மாறாக, பல ஊர்களின் குடிநீர் ஏரிகளில் பெட்ரோல் எஞ்சினுக்கே அனுமதியில்லை. அங்கே 250 குதிரைசக்தி வெறும் அலங்காரம். பத்தில் எட்டு நாள் எந்த ஏரிக்குப் போகிறோம், எத்தனை பேர் போகிறோம் என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் நீளம் தானாகவே முடிவாகிவிடும். மீதி இரண்டு நாளுக்கு நண்பரின் படகோ வாடகைப் படகோ போதும்.

பலர் தவறுவது இந்த இடத்தில்தான். பெரிய படகின் மேல் கண் வைத்து, விலை எட்டாதபோது எஞ்சினைச் சிறியதாக்கிக் கொள்கிறார்கள். பாரத்தை இழுக்க முடியாமல் எஞ்சின் திணறும். விற்கும்போதும் விலை போகாது. படகின் தகட்டில் பொறித்த உச்சவரம்பில் முக்கால் பங்குக்குக் குறையாத எஞ்சின் வேண்டும் என்பது அனுபவஸ்தர்களின் அறிவுரை. அதற்குப் பணம் போதாதென்றால் ஓரடி, இரண்டடி குறைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். விரலுக்குத் தக்க வீக்கம் என்பது தண்ணீரிலும் பொருந்தும்.

தரம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மினுமினுக்கும் பூச்சும், மீனைக் காட்டும் பெரிய திரைகளும் கடைக்காரர் முதலில் காட்டுபவை. திரையைப் பிறகும் வாங்கலாம். படகின் எலும்பைப் பிறகு மாற்ற முடியாது. எஞ்சினைத் தாங்கும் பின்சுவரே படகின் முதுகெலும்பு. பழைய ஃபைபர் கிளாஸ் படகுகளில் அதற்குள் இருப்பது பிளைவுட். ஒரு திருகாணி வழியே தண்ணீர் இறங்கினாலும் உள்ளுக்குள் உளுத்துப்போகும். பழைய படகு வாங்குபவர்கள் பின்சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள். எஞ்சினின் அடிப்பகுதியை அழுத்திச் சுவர் அசைகிறதா என்று கவனிக்கிறார்கள். தளத்தில் நடந்து எங்காவது கால் அமுங்குகிறதா என்று பார்க்கிறார்கள். சந்தேகம் இருந்தால் எடை மேடையில் ஏற்றுகிறார்கள். இருக்க வேண்டியதை விட எடை மிகுந்தால் உள்ளே நிரப்பிய நுரை தண்ணீர் குடித்திருக்கிறது என்று பொருள். அலுமினியத்தில் தகட்டின் கனத்தையும் இணைப்பையும் பார்க்க வேண்டும். மலிவான படகில் ஆணி இணைப்புகள் நாளடைவில் தளர்ந்து கசியலாம். இந்தச் சோதனைகளில் தேறிய நான்கைந்து வருடப் பழைய படகு, அதே விலைக்குக் கிடைக்கும் மலிவான புதியதை விடப் பல சமயங்களில் மேலானது. முதல் ஆண்டுகளின் மதிப்புச் சரிவை வேறொருவர் ஏற்கெனவே சுமந்துவிட்டார்.

பெரிய படகு பாதுகாப்பானது என்ற நம்பிக்கையிலும் ஓர் ஓட்டை உண்டு. 20 அடிக்கு உட்பட்ட படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு பாரம் என்ற தகடு இருக்க வேண்டும், உள்ளே தண்ணீர் நிரம்பினாலும் கவிழாமல் மட்டமாக மிதக்க வேண்டும் என்கின்றன அமெரிக்க மத்திய அரசின் விதிகள். 20 அடியைத் தொட்டுவிட்டால் அந்த விதிகள் பொருந்தாது. நல்ல தயாரிப்பாளர்கள் தாமாகவே அதைச் செய்கிறார்கள். செய்திருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது வாங்குபவரின் பொறுப்பு.

கடைசியாக, விலைப்பட்டியலில் ஒரு வரிகூடப் பெறாத ஒரு சிறு கயிறு. ஒரு முனை ஓட்டுபவரின் உடையில், மறுமுனை எஞ்சினின் விசையில். அவர் தூக்கி எறியப்பட்டால் எஞ்சின் உடனே நின்றுவிடும். இல்லையென்றால் ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி, நீரில் கிடப்பவர் மேலேயே ஏறும். 26 அடிக்கு உட்பட்ட விசைப்படகுகளில், வேகமாக ஓட்டும்போது இதை மாட்டிக்கொள்வது 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்காவில் சட்டப்படி கட்டாயம். படகு விபத்துகளில் இறப்பவர்களில் நான்கில் மூன்று பேர் மூழ்கியே இறக்கிறார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் லைஃப் ஜாக்கெட் அணியாதவர்கள் என்று கடலோரக் காவல் படையின் ஆண்டறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

ஏரி நீளத்தைத் தீர்மானிக்கட்டும், நீளம் எஞ்சினைத் தீர்மானிக்கட்டும், மிச்சமுள்ள பணம் தரத்துக்குப் போகட்டும். அதற்கப்புறமும் ஏதாவது மீந்தால் மினுமினுப்பு வாங்கிக்கொள்ளலாம். தண்ணீருக்கு அடியில் காத்திருக்கும் மீனுக்குப் படகின் விலை தெரியாது. மாதா மாதம் தவணை கட்டும் வீட்டுக்கு நன்றாகத் தெரியும்.