சைக்கிள் டியூப்பும் ஸ்மாஷ் அடிக்கும் தோளும்

பி.காம். படிக்கிறவன் தோள்பட்டை வலியைப் பற்றி எழுதினால் "உனக்கு ஏன்டா இந்த வேலை?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். எட்டு மாதம் அந்த வலியோடு குடித்தனம் நடத்தியவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன். பிசியோதெரபி படிக்கிறவர்கள் யாராவது வாசித்தால், தப்பு இருக்கும் இடத்தில் தலையில் குட்டுங்கள்.

எங்கள் கடலூர் பக்கம் வாலிபால் எப்படி என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல் வந்தால் ஊருக்கு ஊர் கம்பம் நட்டு, லைட் போட்டு, விடிய விடிய மேட்ச். தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் ஆடுகிறவர்கள் தனி. வெளியிலிருந்து பார்த்தால் பொழுதுபோக்கு மாதிரி தெரியும். ஆனால் என்னோடு ஆடும் பையன்களில் சிலருக்குக் கல்லூரி சீட்டே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைத்தது. அடுத்து ரயில்வேயோ போலீஸோ, அதுவும் இந்தத் தோளை நம்பித்தான். அதனால் யாருக்காவது தோள் வலித்தால் அவன் வீட்டில் அது வருமானப் பிரச்சினை.

வலி வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? முதலில் ஸ்பிரே. அடுத்து வலி மாத்திரை. ஃபைனல் என்றால் ஒரு ஊசி. நானும் அப்படித்தான் ஒரு ஃபைனல் ஆடினேன். (தோற்றோம், அது வேறு கதை.) மறுநாள் காலை சட்டையில் கை நுழைக்க முடியவில்லை. காட்டப் போன இடத்தில் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "ஆறு வாரம் ரெஸ்ட் எடு" என்று எழுதிக் கொடுத்தார்கள். எடுத்தேன். வலி சுத்தமாகப் போய்விட்டது. சந்தோஷமாக மைதானத்துக்குத் திரும்பிய மூன்றாவது நாள் அதே இடத்தில் அதே வலி....

அப்போதுதான் சிதம்பரத்தில் பிசியோதெரபி படிக்கும், நண்பனின் அக்காவைப் பார்த்தேன். என் கையை நாலு பக்கமும் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது. "வலி போச்சுன்னா தோள் பலமாயிடுச்சுன்னு அர்த்தமா தம்பி?"

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடியிருப்பீர்களே, தோள் மூட்டு கிட்டத்தட்ட அதுதான். பழம் பெரிது, ஸ்பூன் சிறிது. குழி ஆழமாக இல்லாததால்தான் கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிகிறது. பழம் விழாமல் பிடித்துக்கொள்ளும் முக்கிய வேலையைச் செய்வது சுற்றியிருக்கும் நான்கு சிறிய தசைகள். இந்த ஸ்பூனும் ஒரு இடத்தில் நிற்காது. அது முதுகுப் பக்கம் இருக்கும் தோள்பட்டை எலும்பின் ஒரு பகுதி என்பதால், கையைத் தூக்கும்போது கூடவே நகர வேண்டும்.

இப்போது ஒரு ஸ்மாஷ் அடிப்பதை யோசியுங்கள். கையை முன்னால் வீசுவது மார்பும் முதுகும் சேர்ந்த பெரிய தசைகள். பந்தை அடித்த பிறகு அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்துவதில் பெரும்பங்கு பின்பக்கத்துச் சின்னத் தசைகளுக்கு. நாம் தண்டால் எடுத்து எடுத்து எஞ்சினைப் பெரிதாக்குகிறோம், பிரேக்கை யாரும் கவனிப்பதில்லை. உயர்மட்டத்தில் ஆடும் ஒரு அட்டாக்கர் வருடத்துக்குச் சுமார் 40,000 ஸ்மாஷ் அடிப்பார் என்று ஒரு கணக்கு உண்டு. நமக்கு அதில் கால்வாசி வைத்துக்கொண்டாலும் 10,000 தடவை பிரேக் பிடிக்க வேண்டும். ஆறு வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அந்த பிரேக் இன்னும் தேய்ந்துதான் போகும். என் கதை அதுதான்.

அக்கா கொடுத்த வைத்தியம்: பழைய சைக்கிள் டியூப். நீளவாக்கில் வெட்டி ஜன்னல் கம்பியில் கட்ட வேண்டும். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே மடித்த துண்டை வைத்து, முழங்கையை மடக்கி, டியூப்பை வெளிப்பக்கமாக மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாகத் திரும்ப விட வேண்டும். விடும்போதுதான் பிரேக் வேலை செய்கிறது, அதனால் அங்கே அவசரம் கூடாது. சுவரில் கை ஊன்றித் தண்டால், கடைசியில் தோள்பட்டை எலும்பு முன்னால் வரும்படி ஒரு கூடுதல் தள்ளு. பக்கவாட்டில் படுத்துக்கொண்டு தோளின் பின்பக்கத்தை இளக்குவது ஒன்று. பிறகு, நான் எதிர்பார்க்காதது, காலுக்கும் இடுப்புக்கும் பயிற்சி. டென்னிஸ் சர்வீஸின் ஆற்றலில் சுமார் பாதி காலிலிருந்தும் உடம்பிலிருந்தும் வருகிறதாம். கால் சோம்பேறியானால் அந்தப் பாரமும் தோள் தலையில்.

முதல் மூன்று வாரம் எதுவும் நடக்கவில்லை. ஹாஸ்டலில் "டியூப் கம்பெனி ஆரம்பிச்சுட்டியாடா?" என்று ஓட்டினார்கள். ஐந்தாவது வாரம் சட்டை வலிக்காமல் ஏறியது. மெதுவாக அடிக்க ஆரம்பித்து, நாளைக்கு எத்தனை அடி என்று நோட்டில் எழுதி, வாரா வாரம் கொஞ்சம் கூட்டி, முழு வேகத்துக்கு வர நாலு மாதம் ஆனது.

ஒருத்தன் கதையை வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது, சரிதான். வெளிநாட்டு ஆராய்ச்சிகளையும் தேடிப் படித்தேன். தோள் எலும்பு தசைநாரில் உரசுவதால்தான் வலி, அந்த எலும்பைச் செதுக்கினால் சரியாகும் என்று 1972-ல் சார்லஸ் நீர் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியதிலிருந்து உலகம் முழுக்கச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். 2012-ல் ஸ்வீடனில், இந்த அறுவை சிகிச்சைக்கு வரிசையில் காத்திருந்தவர்களையே எடுத்து, ஒரு பிரிவுக்குத் தோளுக்கென்று வடிவமைத்த பயிற்சியும், மற்றதற்குப் பொதுவான பயிற்சியும் கொடுத்தார்கள். பின்னர் அறுவை சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தவர்கள் முதல் பிரிவில் 20 சதவீதம், இரண்டாவதில் 63 சதவீதம். 2018-ல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே. அங்கே ஒரு பிரிவினருக்கு உள்ளே கேமராவை விட்டுப் பார்த்ததோடு சரி, எலும்பைச் செதுக்கவே இல்லை. செதுக்கியவர்களுக்கும் அவர்களுக்கும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை!

இந்த இரண்டிலும் இருந்தவர்கள் பொதுவான நோயாளிகள், விளையாட்டு வீரர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீரர்களுக்கு நெருக்கமானது 2017-ல் வந்த நார்வே ஆய்வு. 660 முன்னணி ஹேண்ட்பால் வீரர் வீராங்கனைகளில் ஒரு பாதி அணிகள் வார்ம்-அப்போடு வாரம் மூன்று முறை 10 நிமிடம் தோள் பயிற்சி செய்தன. அந்தப் பாதியில் தோள் பிரச்சினைக்கான வாய்ப்பு 28 சதவீதம் குறைந்தது.

அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்ம முரளிதரன் 2004-ல் தோளில் செய்துகொண்டார், 2010-ல் 800 விக்கெட்டோடு டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஷரபோவா 2008-ல் செய்துகொண்டு 2012-ல் பிரெஞ்சு ஓபன் வென்றார். ஆனால் கத்தி வைத்தபிறகும் மாதக்கணக்கில் பயிற்சிதான். அவர்களுக்குப் பக்கத்திலேயே பிசியோ உண்டு. பண்ருட்டிப் பக்கத்துப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்?

என் வருத்தம் இங்கேதான். ஜெர்சி, ஷீல்டு, பஸ் வாடகை எல்லாவற்றுக்கும் டீம்களிடம் பணம் இருக்கிறது. தோளைக் காப்பாற்றும் பத்து நிமிடத்துக்கு மட்டும் "டைம் இல்லப்பா". எங்கள் கணக்கியல் பாடத்தில் பழுதுபார்ப்புச் செலவு வருடா வருடம் எழுதப்படும், எழுதாமல் விட்டால் ஒரு நாள் எந்திரமே போய்விடும். ஊசிக்குக் கொடுப்பதை அந்தப் பத்தியில் எழுத எனக்கு மனம் வரவில்லை. பயிற்சியைத் தனித்தனியாக வீட்டில் செய்யச் சொன்னாலும் நடக்காது. நானே அக்கா போன் போட்டுத் திட்டாவிட்டால் இரண்டாவது வாரத்தில் விட்டிருப்பேன். மொத்த டீமும் வார்ம்-அப்போடு செய்தால்தான் செய்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. கீழே விழுந்து வந்த வலி, மூட்டு நழுவியது, கை மரத்துப்போவது, கையைத் தூக்கவே முடியாமல் போவது, ராத்திரி தூங்கவிடாத வலி.... இதற்கெல்லாம் டியூப்பைத் தேடாமல் முதலில் எலும்பு டாக்டரிடம் ஓடுங்கள். வீடியோ பார்த்து நீங்களாகவும் ஆரம்பிக்காதீர்கள், ஒருமுறையாவது தெரிந்தவர் கண் முன்னால் செய்து காட்டுங்கள். நான் முதல் வாரம் முழுக்கத் தோளைக் காது வரை தூக்கிக்கொண்டு தப்பாகத்தான் இழுத்திருக்கிறேன்.

இப்போது எங்கள் மைதானத்து நெட் கம்பத்தில் ஆறு டியூப் தொங்குகிறது. பி.டி. சாருக்கு இன்னும் முழு நம்பிக்கை இல்லை, ஆனால் அவிழ்க்கச் சொல்லவில்லை. ஓட்டிய பையன்களில் இரண்டு பேர் போன வாரம் சைக்கிள் கடையில் பழைய டியூப் கேட்டு நின்றார்கள். கடைக்காரர் இதுவரை சும்மா கொடுத்தவர், இப்போது ஒன்றுக்குப் பத்து ரூபாய் கேட்கிறார்.