டெஸ்டுக்கு ஏன் வீட்டுத் திறப்பு?

"டெஸ்ட் ஓட்டேக்க கவனமா இரு" எண்டு புதுசா வந்த பெடியனுக்குச் சொல்லிவிட்டு, அதோட தன்ர கடமை முடிஞ்சுது எண்டு நினைக்கிற சீனியர்மார் எல்லா இடத்திலும் இருக்கினம். இந்தக் கட்டுரை அவைக்குத்தான். புதுசா வந்தவையும் வாசியுங்கோ. ஏனெண்டால் கடைசியில பேச்சு வாங்கப்போறது நீங்கள்.

பிரச்சினை சின்னதாகத்தான் தொடங்கும். பழைய பக்கப் ஃபைல்களை அழிக்க ஒரு ஃபங்ஷன் எழுதுகிறோம். அதற்கொரு யூனிட் டெஸ்ட். டெஸ்ட் ஃபங்ஷனைக் கூப்பிடும். ஃபங்ஷன் ஒப்பரேட்டிங் சிஸ்டத்திடம் 'அழி' என்று சொல்லும். சொன்னது டெஸ்டா நிசமா என்று கணினிக்கு எப்படித் தெரியும்? அழித்துவிடும். திரையில் பச்சை எழுத்தில் 'பாஸ்' என்று வேறு வரும்.

இது கத்துக்குட்டிகளுக்கு மட்டும் வாற வினை எண்டு நினைக்க வேண்டாம். 2010 நவம்பரில் கிட்ஹப்பின் தானியங்கி டெஸ்டுகள், ஒரு கொன்ஃபிகரேஷன் பிழையால், உண்மையான டேட்டாபேஸோடு இணைந்து ஓடின. டேட்டாபேஸை அழித்துப் புதிதாக உருவாக்குவது அந்த டெஸ்ட் ஓட்டத்தின் ஒரு படி. அதையே செய்தது. தளம் விழுந்தது, பக்கப்பில் இருந்து மீட்டெடுக்க வேண்டி வந்தது. டெஸ்ட் தனக்குச் சொன்ன வேலையைத்தான் செய்தது. அதற்கு உண்மையான டேட்டாபேஸின் கதவு திறந்திருந்ததுதான் பிழை.

2021 ஜூனில் எச்பிஓ மக்ஸ் சந்தாதாரர் பலருக்கு, சோதனைக்கான வெற்று மெயில் ஒன்று போய்ச் சேர்ந்தது. கொம்பனி ட்விட்டரில் என்ன சொன்னது? ஓம், இன்டர்ன்தான் செய்தது என்று சொன்னது. உலகம் முழுக்க இருந்து ஆக்கள் தங்கட பழைய பிழைகளைச் சொல்லி அந்த இன்டர்னுக்கு ஆறுதல் எழுதினார்கள். நல்ல மனசுதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறை: ஒரு இன்டர்னின் கைக்கு எட்டுகிற டெஸ்ட், உண்மையான சந்தாதாரர் பட்டியலைத் தொடும்படி விட்டு வைத்தது ஆர்?

எங்கட குருநகரில படகு எஞ்சின் திருத்துகிற ஒருவரிடம் கேட்டுப் பாருங்கோ. திருத்தின அவுட்போட் எஞ்சினைத் தண்ணி நிரப்பின பரலுக்குள்ள இறக்கி ஓட்டிப் பார்க்கலாம். எஞ்சின் நிசம், தண்ணி நிசம், சுழலுற விசிறியும் நிசம். ஆனால் ஆரும் கரையை விட்டுப் போகேல்லை. எஞ்சின் நிண்டால் நட்டம் ஒரு பரல் தண்ணி.

எங்கட கோட்டுக்கும் அந்தப் பரல் வேணும். பைதனில் எழுதுகிறவர்கள் பைடெஸ்டின் கொன்ஃப்டெஸ்ட் ஃபைலில், எல்லா டெஸ்டுக்கும் தானாகப் பொருந்துகிற ஒரு ஃபிக்ஸரை வைக்கலாம். சப்ப்ராசஸ் மொடியூலின் பீஓப்பனையும் ஓஎஸ் மொடியூலின் சிஸ்டத்தையும் எடுத்துவிட்டு, கூப்பிட்ட உடனே எரர் எறிகிற ஒன்றை அந்த இடங்களில் வைப்பதுதான் வேலை. சில வரிகள் போதும். ரன், செக் அவுட்புட் எல்லாம் அடியில் பீஓப்பனைத்தான் கூப்பிடுகின்றன. ஆகவே பூட்டு அங்கே இருக்க வேண்டும். மேலே ரன்னை மட்டும் மாற்றினால், அதை முன்கூட்டியே நேரடியாக இம்போர்ட் பண்ணி வைத்திருக்கிற கோட் தப்பிவிடும். இனி ஆராவது மொக் பண்ண மறந்தால் டெஸ்ட் சிவப்பாகும், சேர்வர் சாகாது.

பைதன் தானே ஃபைல்களை அழிக்கிற ஃபங்ஷன்கள் இந்தப் பூட்டுக்குள் வராது. அதற்கு ஒவ்வொரு டெஸ்டுக்கும் தனித் தற்காலிக ஃபோல்டர் குடுங்கோ. எல்லாத்தையும் விட முக்கியம், டெஸ்ட் ஓடுகிற மெஷினில் உண்மையான சேர்வரின் பாஸ்வேர்ட் இருக்கவே கூடாது. இல்லாத திறப்பால் எந்தக் கதவையும் திறக்கேலாது.

"எல்லாத்தையும் மொக் பண்ணினால் பிறகு என்னத்தை டெஸ்ட் பண்ணுறது?" எண்டு கேட்பினம். நியாயமான கேள்வி. மொக் பண்ணின டெஸ்ட், எங்கள் கோட் என்ன கட்டளையைக் குடுக்க முடிவெடுத்தது என்பதை மட்டும்தான் காட்டும். அந்தக் கட்டளை உண்மையில் வேலை செய்யுமா என்று பார்க்கத் தனி டெஸ்டுகள் வேண்டும். அவற்றை, நெட்வேர்க் துண்டித்த, முடிஞ்சவுடன் தூக்கி எறிகிற டொக்கர் கொன்டெய்னருக்குள் ஓட்டலாம். எஞ்சினையும் ஒருநாள் கடலில் ஓட்டிப் பார்க்கத்தான் வேணும். அதுக்காக முதல் ஓட்டத்திலேயே சனத்தை ஏத்திக்கொண்டு போறேல்லை.

இதை இவ்வளவு கோவத்தோட எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கொழும்புக்கும் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் கோட் எழுதுகிற பிள்ளைகள் எங்களிடையே இருக்கிறார்கள். சேர்ந்த முதல் கிழமையே கிளையன்டின் சேர்வர் திறப்பைக் கையில் குடுத்துவிடுகிற இடங்களும் இருக்கின்றன. ஒருநாள் ஏதாவது அழிஞ்சால், மீற்றிங்கில் முதலில் கேட்கப்படுவது "ஆர் ஓட்டினது?" என்பதுதான். "ஓட்டினால் அழியும்படி ஆர் வச்சது?" எண்டு ஆரும் கேட்கிறேல்லை. அனுபவமில்லாதவர் பிழை விடுவார் என்பது முதல் நாளே தெரிந்த விசயம். தெரிந்தும் பூட்டுப் போடாதவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே அடுத்த முறை ஒரு புரொஜெக்டில் சேரும்போது, கோட்டைத் தொட முதல் கேளுங்கோ: "இந்த டெஸ்டை நான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாமா?" ஓம் எண்டு சொல்ல அவைக்கு வாய் வரேல்லை எண்டால், உங்கட முதல் கொமிட் அந்தப் பூட்டாக இருக்கட்டும்.