பருப்பு எங்கே போனது?

செராஸில் நான் வழக்கமாகப் போகும் பேரங்காடியில் இந்த வாரம் பருப்பைக் காணோம். தீர்ந்துபோகவில்லை, இடம் மாற்றிவிட்டார்கள். அரிசிக்குப் பக்கத்தில் இருந்த துவரம்பருப்பு இப்போது பிஸ்கட், சாக்லேட், வாசனை மெழுகுவர்த்தி எல்லாம் தாண்டிக் கடைசி வரிசையில். அரைக் கிலோ பருப்புக்குப் போனவள் எழுபது வெள்ளி பில்லோடு நின்றேன். கவுண்டரில் இருந்த பெண், “ஆண்டி, மெம்பர் இருக்கா? ஆப் இறக்கினா ரெண்டு வெள்ளி குறையும்” என்றாள். 

பருப்புக்காக நம்மை நடக்கவிடும் கணக்குக்கு ஒரு பாட்டன் உண்டு. எர்னெஸ்ட் டிக்டர், 1907இல் வியன்னாவில் பிறந்தவர். உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். இளவயதில் மாமாவின் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் சாமான் அடுக்கி அலங்கரித்தவர். இரண்டு படிப்பும் பின்னால் உதவின. யூதர், ஐரோப்பாவில் இருக்க முடியாமல் 1938இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

அங்கே ஒரு சோப்பு விளம்பரத்துக்காக ஆட்களைச் சந்தித்தார். எந்தச் சோப்பு பிடிக்கும் என்று கேட்கவில்லை. குளிப்பதைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டுக் காதைக் கொடுத்து உட்கார்ந்தார். காதலனைப் பார்க்கப் போகும் முன் குளிக்கும் குளியலே வேறு என்று தெரியவந்தது. நம் வீட்டுத் தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு அவரை யாராவது கூப்பிட்டிருந்தால் தனிப் புத்தகமே போட்டிருப்பார். கேக் மாவில் இல்லத்தரசி தன் கையால் ஒரு முட்டை உடைத்து ஊற்றினால்தான் மனம் ஆறும் என்று கண்டுபிடித்தவரும் அவரே என்பார்கள். அதில் பாதி கதை. முட்டை சேர்க்கும் கேக் மாவு அவருக்கு முன்பே கடையில் இருந்தது.

எது கதை, எது நிஜம் என்று பார்க்க வேண்டுமானால் பெட்டியைத் திறக்க வேண்டும். பெட்டி இருக்கிறது என்பதுதான் விசேஷம். 1991இல் டிக்டர் இறந்தார். அவருடைய ஆய்வறிக்கைகளும் கடிதங்களும் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், ஹேக்லி நூலகத்தில் வரிசை எண் போட்டு அடுக்கப்பட்டிருக்கின்றன. 1802இல் டூபாண்ட் குடும்பம் வெடிமருந்து ஆலை தொடங்கிய ஆற்றங்கரை அது. இந்தக் காகிதங்களுக்குப் பொருத்தமான இடம்தான்.

அந்தக் காகிதம் ஒருமுறை வெடித்தும் இருக்கிறது. அமெரிக்கப் பெண்ணியவாதி பெட்டி ஃப்ரீடன் 1963இல் எழுதிய ‘தி ஃபெமினின் மிஸ்டிக்’ நூலைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த நூலுக்காக, ஹட்சன் ஆற்றோரம் டிக்டர் நடத்திவந்த ஆய்வு நிலையத்துக்கு ஃப்ரீடன் போனார். மனிதர் மறைக்காமல் கோப்புகளைத் திறந்துவிட்டார். உள்ளே 1945ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று. பெண்களை மூன்று வகையாகப் பிரித்திருந்தது: வீடே உலகம் என்று இருப்பவள், வேலைக்குப் போக நினைப்பவள், இரண்டுக்கும் நடுவில் நிற்பவள். வேலைக்குப் போக நினைப்பவள் மின்சாதனத்தில் குறை கண்டுபிடிப்பாளாம், ஆகாத வாடிக்கையாளர். நடுவில் நிற்பவளே நல்ல சந்தை, அவளைப் பெருக்குங்கள் என்று விற்பவர்களுக்கு யோசனை. விற்பனைக்காக எழுதிய வரிகளையே எடுத்து, விற்பவர்கள் மீது வழக்குப் போட்டார் ஃப்ரீடன். அந்த அத்தியாயத்தை நான் கோடு போட்டுக் கோடு போட்டே கிழித்துவிட்டேன்.

இன்று நம் பேரங்காடிக்கு என்னைப் பற்றி டிக்டருக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரியும். எந்தக் கிழமை பருப்பு, எந்த மாதம் மருந்து எல்லாம். ஆனால் ஐம்பது வருடம் கழித்து எந்த ஃப்ரீடனும் அதைத் திறந்து பார்க்கப் போவதில்லை. தேவை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்கிறது மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். வாங்குபவளாக எனக்கு அது நிம்மதி. பழைய காகிதம் படிக்கிறவளாக வயிற்றெரிச்சல்.

நம் ஆட்களில் காகிதத்தின் அருமை தெரிந்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகத்தோடு நிறுத்தாமல் நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக நிற்க வழி செய்தது. மலேசியாவில் நம் மளிகைக் கடைகளின் ‘555’ கடன் புத்தகங்களை யார் சேர்த்தார்கள்? உள்ளங்கை அகலம்தான். ஒரு குடும்பம் மாதம் முழுக்க என்ன சாப்பிட்டது, சம்பளத்துக்கு முன் எந்தத் தேதியில் மைலோ நின்றுபோனது என்று அதில் இருக்கும். அதைவிடப் பெரிய பயனீட்டாளர் ஆய்வு எது?

கிள்ளானில் கடையை மூடிவிட்ட ஒரு பெரியவரிடம் கேட்டேன். “எரிச்சிட்டேம்மா” என்றார். பழைய காகிதம் எடுக்கும் பேப்பர் லாமா லோரிக்குக்கூடப் போடவில்லையாம். “யாரு வீட்டுல எப்ப அரிசி இல்லன்னு அதுல எழுதியிருக்கு. அத ஊரு படிக்கணுமா?”

“படிக்கணும்ண்ணே” என்றேன். அதற்குப் பிறகு அவர் எனக்குத் தேத்தண்ணி சொல்லவில்லை.