ரசத்துக்குள்ளே ஒரு அறுகோணம்!

சளி பிடிச்சா எங்க பனவடலிசத்திரத்துல முதல் வைத்தியம், நல்லமிளகு ரசம். (மிளகைத்தான் சொல்றேன். எங்க ஆச்சிங்க அதுக்கு 'நல்ல' பட்டம் கொடுத்து வெச்சிருக்காங்க!) தொண்டையில சுர்ருன்னு இறங்குதே... அந்தக் காரத்துக்குப் பேர் பைப்பரின். 1819-ல இதை மிளகிலிருந்து பிரிச்செடுத்தவர் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட். ஆமா பாஸ், கரன்ட் கம்பி பக்கத்துல காந்த முள்ளை ஆடவிட்டாரே, அதே ஆளுதான்!

பைப்பரினை உடைச்சா கிடைக்கிறது பிப்பெரிடின். அஞ்சு கார்பனும் ஒரு நைட்ரஜனும் கைகோத்து நிக்கிற வளையம். மோந்து பார்த்தா மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடணும். ஆனா, மருந்து டிசைன் பண்றவங்களுக்கு இது செல்லப்பிள்ளை. பென்சீன் மாதிரி தட்டையா கிடக்காம, நாற்காலி மாதிரி மடங்கி நிக்கும். எந்த மூலையில எதை மாட்டுறோமோ, அதைப் பொறுத்து நாற்காலியே வடிவம் மாறும்.

இந்த வளையத்துக்கும் நம்ம சிதம்பரத்துக்கும் ஒரு பந்தம் இருக்கு. ஸ்டான்ஃபோர்டு நோலரும் வி.பாலையாவும் 1948-ல ஒரு வழி சொன்னாங்க. ஒரு கீட்டோன், ரெண்டு பங்கு ஆல்டிஹைடு, கொஞ்சம் அம்மோனியம் அசிடேட்... வளையம் ரெடி! பாலையா அப்புறம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல வேதியியலை வளர்த்தார். இன்னிக்கும் நம்ம ஊர் பிஎச்.டி. அண்ணன், அக்காக்கள் பலருக்கு சோறு போடுறது அந்த ரியாக்‌ஷன்தான். ஆல்டிஹைடுல ஒரு குளோரினை மாத்தினா புது காம்பவுண்ட், ஒரு மீத்தாக்ஸியை மாட்டினா இன்னொண்ணு.

இங்கதான் எனக்கு ஒரு சந்தேகம். நான் மெக்கானிக்கல். எங்க டிபார்ட்மென்ட்ல, எதுக்குன்னு சொல்லாம போல்ட்டை மட்டும் மாத்தினா அதை டிசைன்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்க. புதுசா செய்யறது வேற, டிசைன் வேற இல்லியா?

டெர்ஃபெனடின் கதையைக் கேளுங்க. தூக்கம் வராத அலர்ஜி மாத்திரைன்னு 1980-கள்ல சக்கைப்போடு போட்டது. உள்ளே இருந்தது நம்ம பிப்பெரிடின் வளையம். கல்லீரல் அதை உடனே வேற பொருளா மாத்திடும். ஆனா, கூடவே கீட்டோகோனசோல் மாதிரி பூஞ்சை மருந்து சாப்பிட்டா அந்த வேலை நின்னுடும். மாத்திரை அப்படியே ரத்தத்துல சேர்ந்து, இதயத்துடிப்பு தாறுமாறாகி, சிலர் செத்தே போனாங்க.

அப்போ, கல்லீரல் மாத்தித் தர்ற பொருளையே மாத்திரையா கொடுத்தா என்ன? கொடுத்தாங்க. வளையத்துல கை வைக்கலை. ஓரத்துல இருந்த ஒரு மெத்தில் போய், அங்கே கார்பாக்சிலிக் அமிலம். அவ்ளோதான் வித்தியாசம்! அலர்ஜியைத் தடுக்கும், இதயத்தைத் தொடாது. அதுதான் 1996-ல அமெரிக்காவுல அனுமதி வாங்கின ஃபெக்ஸோஃபெனடின். டெர்ஃபெனடின் 1998-ல அங்கே மார்க்கெட்டை விட்டே போச்சு.

உங்க ஹாஸ்டல் தூசி தும்மலுக்கு டாக்டர் இதை எழுதிக் கொடுத்தா, ஆரஞ்சு ஜூஸோட முழுங்காதீங்க. மருந்து உடம்புல ஏறுறதையே ஜூஸ் குறைச்சிடும். தண்ணி போதும்!