500 பேரை கோடீஸ்வரர் ஆக்கிய பங்கு... அப்புறம் என்ன ஆச்சு?

சென்னை:-

சென்னை கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த 500-க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் கோடீஸ்வரர் ஆனார்கள் என்ற செய்தி 2021-ல் ஊரையே வாய் பிளக்க வைத்தது. அந்த பங்கு அதற்குப் பிறகு பட்ட பாடு பலருக்கு தெரியாது.

திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல் நண்பருடன் சென்னையில் தொடங்கிய சாப்ட்வேர் கம்பெனிதான் பிரெஷ்வொர்க்ஸ். இவர் தீவிர ரஜினி ரசிகர். பங்கு வெளியீட்டுக்கு வைத்த பெயரே ‘புராஜெக்ட் சூப்பர் ஸ்டார்’தான்!

2021 செப்டம்பர் 22-ந்தேதி அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் 36 டாலர் விலையில் வந்த பங்கு, முதல் நாளிலேயே 47 டாலரை தாண்டியது. கோடி பார்த்தவர்களில் சுமார் 70 பேர் 30 வயதுக்கு உட்பட்டவர்கள்.

அடுத்த வருடமே அடி விழுந்தது. 2022 முடியும்போது ஒரு பங்கு 15 டாலருக்கும் கீழே வந்து விட்டது.

வியாபாரம் படுத்து விட்டதா? அதுவும் இல்லை. 2021-ல் 49 சதவீதம் வளர்ந்த வருமானம், 2022-ல் 34, 2023-ல் 20 சதவீதம் வளர்ந்தது. வேகம்தான் குறைந்தது. அமெரிக்காவில் வட்டி ஏறியதும் கம்பெனிகள் செலவை சுருக்கின. இந்த சாப்ட்வேருக்கு தலைக்கு இவ்வளவு என்று மாத சந்தா. அங்கே ஆள் குறைந்தால் இங்கே சந்தாவும் குறையும்.

2024 நவம்பரில் சுமார் 660 பேர், அதாவது ஊழியர்களில் 13 சதவீதம் பேர் குறைக்கப்படுவார்கள் என்று அறிவிப்பு வந்தது. கூடவே, 40 கோடி டாலருக்கு கம்பெனி தன் பங்கையே திரும்ப வாங்கும் என்ற அறிவிப்பும் வந்தது. ‘ஆளை அனுப்ப காசு இல்லை என்று சொல்ல முடியுமா?’ என்று கேட்கத் தோன்றும். ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு பெயர் சொல்லாமல் இதை பேராசை என்றே சாடினார்.

ஆபர் லெட்டரில்...

‘சம்பளம் கொஞ்சம் கம்மி, பங்கு தர்றோம்’ என்று சொல்லும் கம்பெனிகள் உண்டு. அந்த பங்கு முதல் நாளே கைக்கு வராது. பெரும்பாலும் 4 வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக சேரும். நடுவில் வேலை போனால் சேராத பங்கு பொதுவாக போச்சு!

வரி இன்னொரு தலைவலி. உதாரணத்துக்கு 500 ரூபாய்க்கு வாங்கும் உரிமை. வாங்கும் அன்று சந்தை விலை 3,500. வித்தியாசமான 3,000 ரூபாயை சம்பளமாகவே வருமான வரித்துறை பார்க்கும். பங்கை விற்காவிட்டாலும் 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 900 ரூபாய் வரி, செஸ் தனி. சில ஸ்டார்ட்-அப் ஊழியர்களுக்கு மட்டும் அவகாசம் உண்டு.

பிறகு விலை 1,200-க்கு விழுந்தால்? 1,400 ரூபாய் போட்டவர் கையில் 1,200தான். பங்கு விற்ற அந்த நட்டத்தை சம்பள வருமானத்தில் கழித்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இல்லை.